உலையின் மூக்கைப் பிடித்துப் பார்த்த நாள்

உலைக் கதவுக்கு முன் ஒருவர் ஊதுபத்தி கொளுத்துகிறார். வெள்ளிக்கிழமை பூஜை என்றுதான் நினைத்தேன். இல்லையாம், பழுது பார்க்கிறாராம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பி உருட்டும் ஆலை இது. உலைக்குள் எஃகு பில்லெட்டுகள் 1,200 டிகிரியில் தகதகக்கின்றன. புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கூடினால் எரிவாயு வீண், எஃகின் மேல் செதிலும் தடிக்கும். காலையிலிருந்து அதை அளக்கும் அனலைசர் 7 காட்டுகிறது. நம்பிப் பர்னர் காற்றைக் குறைத்தால் சுடர் மங்குகிறது.

“மெஷின் பொய் சொல்லுதுண்ணே” என்றார் ஆபரேட்டர். கருவிப் பிரிவு அண்ணன் பதில் சொல்லாமல் சிரித்தார்.

உலைக்குள் செருகியிருக்கும் அனலைசரின் புரோபைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். சூடாக இருக்கும் என்று மறுத்தவர், மேசையில் கிடந்த பழையதை நீட்டினார். நுனியில் துளியூண்டு வெள்ளைப் பீங்கான், பெயர் ஸிர்கோனியா. இதற்கா இத்தனை அமர்க்களம்! ஆனால் இந்த ஸிர்கோனியாவை 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் அதற்குள் நடமாடத் தொடங்கும். ஒரு பக்கம் சாதாரணக் காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் ஆக்சிஜன் சமம் என்றால் மின்னழுத்தம் பூஜ்ஜியம். புகையில் குறையக் குறைய மில்லிவோல்ட் ஏறும். 2 சதவீதத்துக்குச் சுமார் 50. கணக்கு வால்தர் நெர்ன்ஸ்ட்டுடையது, 1920ஆம் ஆண்டின் வேதியியல் நோபல்காரர். அதே ஸிர்கோனியாவை வைத்து மின்விளக்கும் செய்தவர்! நான் துள்ளியதை ஆபரேட்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு விசாரணை. நைட்ரஜனில் 2 சதவீத ஆக்சிஜன் கலந்த சிலிண்டர் வாயுவைப் புரோபுக்குள் விட்டார் அண்ணன். திரையில் 7, 4, 2.3… 2.0! அசையவில்லை. வாயுவை நிறுத்தியதும் மறுபடி 7.

“மெஷின் யோக்கியன் தம்பி. காத்துதான் திருட்டுத்தனமா வருது.”

முதல் சந்தேகம், சோதனை வாயு விடும் துளையின் மூடி மேல். அதைப் போட மறந்தால் வெளிக்காற்று நேராக நுனிக்கே போய்விடும். மூடி இருந்தது. கேஸ்கெட்டும் சரி. (எரியாத கார்பன் மோனாக்சைடு இருந்தால் நேர்மாறு: புரோப் நுனியில் இருக்கும் சூடான பிளாட்டினத்தில் அது எரிந்து ஆக்சிஜனைத் தின்றுவிடும், அளவு குறைந்து தெரியும். அது இன்னொரு நாள் கூத்து.)

அதற்கப்புறம்தான் ஊதுபத்தி. கதவின் கீழ் விளிம்பில் நீட்டியதும், மேலே போகவேண்டிய புகை சட்டென்று குனிந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி உள்ளே ஓடியது! உலை வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. புகை வெளியேறும் வழியில் உள்ள டேம்பரைக் கொஞ்சம் மூடச் சொன்னார் அண்ணன். புகை தயங்கியது, நிமிர்ந்தது. திரையில் 5, 3.4, 2.6.

ஆபரேட்டர் விடுவாரா? கையடக்கக் கருவியைச் செருகினார். 3.1! முகமெல்லாம் வெற்றி.

“அது நீராவியை வடிச்சிட்டு அளக்குது தம்பி. இது ஈரத்தோட அளக்குது. ரெண்டும் சரிதான்.”

ஆபரேட்டர் மிச்ச ஊதுபத்தியை வாங்கிப் போய் கண்ட்ரோல் ரூம் பிள்ளையாருக்குச் செருகினார்.