ஓடாவியின் துரப்பணம்

தோணி கட்டும் ஓடாவிக்கு ஆணி அடிப்பது இரண்டாவது வேலை. துளை போடுவதே முதல் வேலை. ஏரா என்னும் அடிமரத்தில் நிறுத்திய வங்கின் (விலாச் சட்டத்தின்) மேல் பலகையைப் பொருத்தி, துளைக்காமல் ஆணியை இறக்கினால் பலகை பிளந்துவிடும். பிளந்த பலகையை, இடுக்கை அடைக்கும் எந்தக் கலப்பத்தும் காப்பாற்றாது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாகும் முன்பு, கப்பல்கள் ஆழம் தேடிக் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரம் போட்டன. அங்கிருந்து சரக்கைக் கரை சேர்த்தவை தோணிகள். இந்த ஊர் வணிகமே கையால் போட்ட துளைகளை நம்பி மிதந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

அன்றைய கருவிகளில் ஒன்று வில் துரப்பணம். தண்டில் கயிற்றைச் சுற்றி வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். தண்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும் என்பதால், இரு பக்கமும் சுரண்டும்படி அலகை ஈட்டி முனையாகத் தட்டியிருப்பார்கள். முத்தைத் துளைத்ததும் இதன் தங்கைதான். முத்துக் குளிப்பு நடந்த நாளில் இலங்கையில் இருந்த ராபர்ட் பெர்சிவல், 1803இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். மரக்கட்டையின் குழியில் முத்தை இறுக்கி வைத்து, இடக்கையால் அழுத்தி, வலக்கையால் வில்லை இழுப்பார்கள். அந்தக் கையின் சுண்டுவிரலே நடுநடுவே சிரட்டைத் தண்ணீரைத் தொட்டு முத்தை நனைக்கும். ஒரே கையில் இரண்டு வேலை! தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது.

இன்று தூத்துக்குடி மில்லர்புரத்தில் எந்தத் தச்சரின் பையிலும் டிரில் மிஷின் இருக்கும். பிளைவுட் அலமாரிக்கு அது போதும். கடலில் பைபர் படகுகள் பெருகிவிட்டன. மின்கருவி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. தோள் வலியை யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். வருத்தம் வேறு. அன்று வேலைக்காரர் தன் கைக்கும் மரத்துக்கும் ஏற்றபடி கொல்லர் உலையில் கருவியைச் செய்துகொண்டார், மழுங்கினால் தீட்டினார். இன்று மழுங்கிய பிட்டைத் தூக்கிப் போடுகிறோம்.

அதைத் தூக்கிப் போடாமல் கைத் துரப்பணமாக்கலாம். பழைய இரும்புக் கடையில் ஓர் அங்குல ஆகர் பிட்டைத் தேடுங்கள். முனையில் திருகாணி போன்ற புரி இருக்க வேண்டும். அந்தப் புரி மரத்தைக் கவ்வித் தானே உள்ளே இழுத்துச் செல்லும். நாம் அழுத்த வேண்டியதில்லை, சுற்றினால் போதும். பிட்டின் தலையில் சிறு இரும்புக் குழாய்த் துண்டைக் குறுக்காக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அப்போது முறுக்குப் பகுதியில் ஈரச் சாக்கைச் சுற்றி வைக்க வேண்டும்; சூடு ஏறினால் எஃகின் பதம் போய், வெட்டும் விளிம்பு மழுங்கும்.

பிறகு கைப்பிடி. நம்மைச் சுற்றி மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இதற்கு நல்ல மரம். காய்ந்த கம்பாக எடுங்கள். பச்சைக் கம்பு காயும்போது சுருங்கிக் குழாய்க்குள் ஆடும். நீளத்தில் கஞ்சம் வேண்டாம். எட்டு அங்குலக் கைப்பிடியைப் பதினாறு அங்குலமாக்கினால், அதே கைவலுவுக்கு இரட்டிப்புத் திருப்பு விசை கிடைக்கும். கெட்டி மரத்தில் அந்த வித்தியாசத்தை மணிக்கட்டு உடனே உணரும்.

மரச்சீவல் சுருள் சுருளாக மேலே வர வேண்டும். வராமல் துகளாக நசுங்கினால் கருவியை எதிர்ப்பக்கம் சுற்றி வெளியே எடுத்துத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். புரியின் முனை மறுபுறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மரத்தைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து துளைத்தால் சிம்பு தெறிக்காது. மிஷினின் வேகத்தில் பலரும் தவறவிடும் கணம் இது. கைக்கு நன்றாகவே தெரியும்.

தீட்டும்போது மெல்லிய அரத்தால் விளிம்பின் உட்புறத்தை மட்டும் தொடுங்கள். வெளிப்புறத்தை அராவினால் துளை ஒடுங்கி, பிட்டின் உடல் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.