பரம்பரைக்கு 20, உட்கார்ந்தே இருப்பதற்கு 30

சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஒருவருக்கு எவ்வளவு என்று கணக்கிட ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் நம் மக்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2005-இல் வெளியிட்டது. ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் நான்கு கேள்விகளும் போதும். வயது என்ன, வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு, உடல் உழைப்பு உண்டா, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா? மொத்தம் 100. அறுபதைத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று பொருள். உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10 மதிப்பெண், இருவருக்கும் இருந்தால் 20. உடற்பயிற்சியே இல்லாமல், வேலையையும் உட்கார்ந்தபடியே பார்ப்பவருக்கோ 30.

நாற்பது வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை, அதற்கு 20. வயிறு 95 சென்டிமீட்டர், அதற்கு 10. நாளெல்லாம் நாற்காலி, அதற்கு 30. ஆக 80. இதே மனிதர் வயிற்றை 90 சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்து, உடல் வியர்க்க உழைப்பவராகவும் இருந்தால் 40 தான். அவருடைய பெற்றோர் மாறவில்லை, மரபணு மாறவில்லை, எண் பாதியாகிவிடுகிறது. இவருக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் நண்பரையும் பார்க்க வேண்டும். அவர் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஆனால் அதே வயது, அதே வயிறு, அதே நாற்காலி. அவருக்கு 60. பரம்பரையே இல்லாதவர் ஆபத்து வரிசையில் நிற்கிறார்.

‘அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வரத்தான் போகுது’ என்பவர்களையும், ‘எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது’ என்று ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல் இருப்பவர்களையும் நினைத்துத்தான் இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இரண்டு பேச்சும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்பவை. இரண்டும் ஆளைக் கெடுப்பவை.

மரபணு ஒன்றாகவே இருந்து வாழ்க்கை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மனித வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் பீமா பழங்குடியினர். அவர்களின் உறவுக் கூட்டம் ஒன்று எல்லை தாண்டி மெக்சிகோவின் மலைப்பகுதியில், மைக்கோபா என்ற ஊரில் வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக் குடியேறிகள் கீலா ஆற்று நீரை மேலேயே திருப்பிவிட்டார்கள். அரிசோனா பீமாக்களின் வயல்கள் காய்ந்தன. வேளாண்மை போயிற்று, பிறகு மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் அரசு உதவியாக வந்தன. மலையில் இருந்த உறவினர்கள் மக்காச்சோளமும் பீன்ஸும் பயிரிட்டுக்கொண்டு, கையால் உழைத்துக்கொண்டே இருந்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டது. அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மைக்கோபா பீமாக்களில் 6.9 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஆற்றை இழந்தவர்கள் ஆரோக்கியத்தையும் இழந்தார்கள். இதில் அவர்களுடைய பரம்பரையைக் குற்றம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதனால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். கணையம் இன்சுலின் சுரப்பதைத் தளர்த்துவது அது. இந்தியர்களிடமும் அது இருப்பதைப் புனே ஆய்வு அடுத்த ஆண்டே உறுதிசெய்தது. அதன்பின் இப்படி நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் தெரியவந்தன. ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுகிறது. எந்த ஒன்றும் தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை. ஆகவே எச்சிலை அனுப்பினால் உங்கள் எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களுக்குச் செலவழிக்குமுன் ஓர் அளவு நாடா வாங்குங்கள்.

அதுவும் நமக்கு எடையைவிட வயிற்றளவே முக்கியம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே அளவு, 22.3. உடலில் உள்ள கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பு, தசையைக் குறைத்துக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. ‘ஆள் ஒல்லிதானே, இவருக்கு எப்படி வந்துச்சு?’ என்று வியப்பவர்கள் இதை அறிய வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதே நமக்கான வரம்பு.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் அதைத் தாண்டாமல் இருக்க முடியுமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய ஆய்வு பதில் சொல்லியது. அப்படிப்பட்ட 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5. மாத்திரை, நடை இரண்டும் சேர்ந்தவர்களில் 39.5. நடை செய்த வேலைக்கு மேல் மாத்திரை எதையும் கூட்டவில்லை. அதே நேரம், நடந்தவர்களிலும் பத்துக்கு நான்கு பேருக்கு நோய் வந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஒழுங்காக இருந்தும் சர்க்கரை வந்த ஒருவரை ‘நீதான் வரவழைச்சுக்கிட்டே’ என்று குத்திப் பேச யாருக்கும் உரிமையில்லை.

மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றும் இடம் ஒன்று உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குச் சர்க்கரை வந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் பிழைதான் காரணம். இவர்களில் பலருக்குக் கணைய செல்லில் மூட வேண்டிய ஒரு வாயில் மூடாமல் திறந்தே கிடப்பதால் இன்சுலின் வெளியே வராது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் மருத்துவர் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழு 2004-இல் இதைக் கண்டறிந்தது. பெரியவர்களுக்குத் தரும் பழைய சர்க்கரை மாத்திரை ஒன்று அந்த வாயிலை மூடிவிடும். 2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், ஊசியில் இருந்த 49 பேரில் 44 பேர் மாத்திரைக்கு மாறியிருந்தார்கள். ஒரு பச்சைக் குழந்தைக்கு நாள்தோறும் ஊசி போடும் தாய்க்கு அதன் அருமை தெரியும். இத்தகைய குழந்தைகளுக்கான மரபணுச் சோதனை சென்னையிலும் செய்யப்படுகிறது.

மற்றவர்களுக்கு விலையில்லாத சோதனை வீட்டிலேயே இருக்கிறது: குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்ற விவரம். நாம்தான் அதை மூடிவைக்கிறோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாத்திரைப் பெட்டி பீரோவுக்குள் போய்விடுகிறது. கல்யாணம் முடிந்த பிறகும், பெற்ற பிள்ளைக்குக்கூட அது சொல்லப்படுவதில்லை. இதில் பெரிய இழப்பு கர்ப்பிணிகளுக்கு. தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், வயிற்றுப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இது மரபணு வழியாக வருவது மட்டுமல்ல, கருப்பையிலேயே நேர்வது, கட்டுப்படுத்தக் கூடியது. கர்ப்பிணி 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் சிகிச்சை வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை; சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்தி வந்த முறை இது.

பெற்றோரிடம் இந்த வாரம் கேளுங்கள்: எந்த வயதில் தெரியவந்தது, அம்மாவுக்குப் பிரசவ காலத்தில் இருந்ததா, தாத்தா பாட்டிக்கு, சித்தப்பா மாமாவுக்கு? ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோங்கள். முப்பது வயதைத் தாண்டியிருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.