ஆறு கோப்பை ஆடியவருக்கு, ஒன்று பயிற்சியாளருக்கு

1976-77 சீசனில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி 80 ஆட்டம் ஆடியது. 60 வெற்றி, 12 சமன், தோல்வி வெறும் எட்டு. ஐஸ் ஹாக்கியின் உச்சப் போட்டியான என்.எச்.எல். லீகில் ஓர் அணி இவ்வளவு ஆதிக்கம் செலுத்திய ஆண்டுகள் குறைவு. கோல் மழை பொழிந்தவர் கை லஃப்லர். ரசிகர்கள் கத்தியதும் அவர் பெயரைத்தான். ஆனால் புள்ளிவிவரத் தாளில் இன்னொருவர் பெயருக்கு நேரே +120 என்று இருந்தது. அவர் லாரி ராபின்சன், தற்காப்பு ஆட்டக்காரர்.

அந்த எண்ணின் கணக்கு எளிது. ஒருவர் பனித்தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவருடைய அணி கோல் போட்டால் அவர் கணக்கில் ஒன்று கூடும். அணி கோல் வாங்கினால் ஒன்று குறையும். எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, கூடுதல் ஆள் பலத்தோடு போடும் கோல்கள் இதில் சேராது. ஆக, +120 என்றால் ராபின்சன் பனியில் இருந்த நேரத்தில் அவர் அணி வாங்கியதைவிட 120 கோல் அதிகமாகப் போட்டிருக்கிறது. ஒரே சீசனில் இதைத் தாண்டியவர் ஒருவர்தான்: 1970-71-இல் +124 எடுத்த பாபி ஓர். வாழ்நாள் கணக்கில் ராபின்சன்தான் முதலிடம், 700-க்கும் மேல். இரண்டாம் இடத்திலிருக்கும் பாபி ஓர் 600-ஐ எட்டவில்லை.

நல்ல அணியில் ஆடுபவருக்கு இந்த எண் தாராளமாக அள்ளிக் கொடுக்கும் என்று ஒரு குறை சொல்வார்கள். உண்மைதான். பின்னால் கென் டிரைடன் போன்ற கோல்கீப்பர், முன்னால் லஃப்லர் என்றால் யாருக்கும் எண் ஏறும். ஆனாலும் அதே அணியில் ஆடிய எல்லோருக்கும் +120 கிடைத்துவிடவில்லையே.

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரைத் தவிர ஒரு நேரத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள்: மூன்று முன்கள வீரர்கள், இரண்டு தற்காப்பு வீரர்கள். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் நிற்காமலேயே, ஆட்கள் பெஞ்சுக்குப் போய் வேறு ஆட்கள் இறங்குவார்கள். தற்காப்பு வீரரின் வேலையில் பாதி பின்னோக்கிச் சறுக்குவது. பக் என்னும் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் வருகிறவனுக்கு நடுவழியைக் கொடுக்கக் கூடாது. பக்கத்துத் தடுப்புச் சுவரோரமாக அவனை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் அவன் தாண்டிப் போய்விடுவான். தயங்கிப் பின்வாங்கினால் அடிக்க இடம் கிடைத்துவிடும். பக்கைப் பறித்த பிறகு இன்னொரு வேலை தொடங்குகிறது. தன் எல்லையிலிருந்து அதை வெளியே அனுப்பும் முதல் பாஸ் அவருடையதுதான். அது பிசகினால் கோல் வாங்க நேரிடும். சரியாகப் போனால் கைதட்டல் லஃப்லருக்கு.

ராபின்சன் ஒண்டாரியோ மாகாணத்தில் மார்வெல்வில் என்ற சிற்றூரில் பால் பண்ணையில் வளர்ந்தவர். ஆறடி நான்கு அங்குலம். 1971-இல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது மான்ட்ரியல் முதலில் எடுத்தது லஃப்லரை. ராபின்சன் அந்த அணியின் நான்காவது தேர்வு, மொத்தப் பட்டியலில் இருபதாவது ஆள். நோவா ஸ்கோஷியாவில் அணியின் இரண்டாம் நிலைக் குழுவில் பழகிவிட்டு, 1973-இல் மேலே வந்த அந்த முதல் சீசனிலேயே லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. பிறகு 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு, 1986-இல் ஒன்று. தற்காப்பில் ராபின்சன், செர்ஜ் சவார்ட், கை லப்வாந்த் ஆகியோரைச் சேர்த்து ‘பெரிய மூவர்’ என்றார்கள்.

1976 இறுதிப்போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரே பிலடெல்பியா ஃப்ளையர்ஸ்; முந்தைய இரண்டு கோப்பைகளையும் வென்றவர்கள், கைகலப்பாலேயே எதிரணிகளை மிரட்டிப் பழகியவர்கள். அந்தத் தொடரில் கேரி டோர்ன்ஹோஃபர் என்ற ஃப்ளையர்ஸ் வீரரை ராபின்சன் உடலால் மோதித் தடுத்தார். விதிக்கு உட்பட்ட மோதல்தான். மோதிய வேகத்தில் தடுப்புச் சுவர் உள்வாங்க, அதைச் சரிசெய்த பிறகே ஆட்டம் தொடர்ந்தது. மான்ட்ரியல் நான்குக்குப் பூஜ்யம் என்று தொடரை முடித்தது. முஷ்டியைத் தூக்காமலே முரடர்களை அடக்கலாம் என்பதற்கு லீகில் இன்றும் காட்டும் உதாரணம் அது.

சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது இருமுறை (1977, 1980), வழக்கமான சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றின் நாயகனுக்கான கான் ஸ்மைத் விருது 1978-இல். மான்ட்ரியலில் 17 சீசன், லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸில் மூன்று. இந்த இருபதில் ஒன்றில்கூட அவர் அணி பிளே-ஆஃபுக்குப் போகாமல் இருந்ததில்லை. 1992-இல் ஓய்வு.

பயிற்சியாளர் வேலைக்குத் தற்காப்பு வீரர் பொருத்தமானவர் என்பது ஹாக்கியில் பழைய நம்பிக்கை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கேப்டனாவதற்குச் சொல்லும் காரணம்தான்: ஆட்டம் முழுவதும் அவர் கண்முன் விரிகிறது. எனக்கு இது பாதிதான் சரியென்று படுகிறது. பார்க்கத் தெரிவது வேறு, பத்து லட்சக்கணக்கில் டாலர் வாங்கும் இருபது பேரை அதட்டி வேலை வாங்குவது வேறு. ராபின்சனின் பிற்பாதி வாழ்க்கை இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது.

1993-இல் நியூ ஜெர்சி டெவில்ஸில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமை, மான்ட்ரியலில் கூட ஆடிய ஜாக் லெமேர். தற்காப்பு வீரர்களைப் பார்த்துக்கொள்வது ராபின்சன் பொறுப்பு. கிடைத்தவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை: இரும்பு போன்ற ஸ்காட் ஸ்டீவன்ஸ், இருபது வயது ஸ்காட் நீடர்மேயர். 1995-இல் டெவில்ஸ் முதல் கோப்பையை வென்றது, இறுதியில் டெட்ராய்டை நாலுக்கு நாலும் வீழ்த்தி. டெட்ராய்டின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். லெமேரையும் ராபின்சனையும் மான்ட்ரியலில் ஆட்டுவித்த அதே போமன்.

அந்த வெற்றி அவரைத் தலைமை நாற்காலிக்கு ஏற்றியது. பழைய அணியான கிங்ஸ் அழைத்தது. முதல் சீசன் முடிவதற்குள் அணியின் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி வேறு அணிக்கு மாற்றப்பட்டார். நான்கு சீசனில் பிளே-ஆஃபைப் பார்த்தது ஒரே முறை, 1998-இல். அதிலும் செயின்ட் லூயிஸிடம் வரிசையாக நான்கு தோல்வி. 1999-இல் மீண்டும் டெவில்ஸில் துணைப் பயிற்சியாளர்.

2000 மார்ச்சில் நடந்தது வினோதம். வழக்கமான சீசனில் எட்டு ஆட்டமே மிச்சமிருக்க, அணி நல்ல நிலையில் இருக்கும்போதே, டெவில்ஸ் நிர்வாகி லூ லாமொரெல்லோ தலைமைப் பயிற்சியாளர் ராபி ஃப்டோரெக்கை நீக்கிவிட்டு ராபின்சனை உட்கார வைத்தார். பிளே-ஆஃபில் டொரண்டோவை முடித்துவைத்த ஆறாவது ஆட்டத்தில் எதிரணிக்குக் கோலை நோக்கி ஆறே அடிகள்தான் கிடைத்தன. அறுபது நிமிடத்தில் ஆறு! தற்காப்புக்காரர் கட்டிய அணியின் கையெழுத்து அது.

அடுத்து பிலடெல்பியாவிடம் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கினார்கள். நான்காவது ஆட்டம் தோற்ற பிறகு, பொறுமைசாலி என்று பெயரெடுத்த ராபின்சன் உடைமாற்றும் அறையில் குப்பைத் தொட்டியை எகிறவிட்டுக் கத்தித் தீர்த்தார். அந்தக் கத்தலால்தான் அணி விழித்தது என்று கதை சொல்வார்கள். இருக்கலாம். தினமும் கத்துகிறவர் கத்தியிருந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று ஆட்டத்தையும் வென்றார்கள். இறுதியில் டல்லஸ், ஆறாவது ஆட்டத்தின் இரண்டாம் கூடுதல் நேரத்தில் ஜேசன் ஆர்னட் போட்ட கோலில் கோப்பை. தொடர் நாயகன் ஸ்காட் ஸ்டீவன்ஸ்.

மறு ஆண்டும் இறுதி. கொலராடோவுடன் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலை பெற்று, கடைசி இரண்டையும் விட்டார்கள். 2002 ஜனவரியில் வேலை போனது. மனக்கசப்போடு விலகிவிடவில்லை, அதே நிர்வாகத்தில் வேறு பொறுப்பில் தொடர்ந்தார், 2003 கோப்பையிலும் பங்கு உண்டு. 2005-இல் தலைமைப் பயிற்சியாளர் பேட் பர்ன்ஸுக்குப் புற்றுநோய் திரும்பியதால் தலைமைப் பொறுப்பு இவரிடம் மறுபடி வந்தது. டிசம்பரிலேயே, மன அழுத்தம் தாங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ராஜினாமா செய்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலியை மறைப்பதே ஆண்மை என்றிருந்த ஒரு விளையாட்டில், தடுப்புச் சுவரையே நெளித்த மனிதர் இப்படிச் சொன்னதை அவருடைய பெரிய தைரியமாகவே நான் எண்ணுகிறேன்.

பிறகு துணை வேலைகள்தாம்: டெவில்ஸ், 2012 முதல் சான் ஹோசே, அதன்பின் செயின்ட் லூயிஸில் ஆலோசகர். 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ், ஜூனில் தன் முதல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. ராபின்சனுக்கு அது பத்தாவது. ஆட்டக்காரராக ஆறு, உதவியாளர், ஆலோசகர் என்று மூன்று, தலைமைப் பயிற்சியாளராக ஒன்று.