கால் வீங்கினால் என்ன செய்வது?

மாலையில் செருப்பு இறுக்குகிறதா? கணுக்காலை விரலால் சில விநாடிகள் அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல மறைந்தால், அங்கே நீர் கோத்திருக்கிறது.

ஏன் வீங்குகிறது?
நெடுநேரம் உட்கார்ந்தாலும் நின்றாலும், உப்பு கூடினாலும் கால் வீங்கலாம். இருதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பாலும் வீங்கலாம். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் காலை வீங்கச் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொதிப்பு ஏறிவிடும். மருந்துப் பையோடு காஜாங் அரசாங்க கிளினிக்கிற்குச் சென்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார்.

வீட்டில் செய்யக்கூடியவை
• படுத்துக்கொண்டு, கால்களைத் தலையணைமேல் நெஞ்சுக்கு மேலாக 15 நிமிடம் உயர்த்தி வையுங்கள். படுத்தால் மூச்சு வாங்குபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.
• உட்கார்ந்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள்.
• நாளுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் (5 கிராம்) இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப்பில் உள்ள உப்பும் இதில் சேரும்.
• இனிப்புநீர் உள்ளவர்கள் சுடுநீரில் கால் வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும்.

காத்திருக்காதீர்கள்
ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.