புள்ளிகளும் பணம்தான்: குடும்பத்தோடு ஹோட்டலில் தங்குமுன் ஒரு கணக்கு

வருட முடிவில் கடையிலுள்ள சரக்கை எண்ணிப் பார்க்காத வியாபாரியை எமது பகுதியில் காண்பது அரிது. மருதமுனையில் சாரன் வியாபாரம் செய்பவரும், கல்முனையில் துணிக்கடை வைத்திருப்பவரும், சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துபவரும் கடைசி மூட்டை வரை கணக்கெடுத்து விடுவார்கள். ஆனால் இவர்களில் பலரிடம் எண்ணப்படாத கையிருப்பு ஒன்று இருக்கிறது. கடனட்டையிலும், விமான சேவையின் அங்கத்துவ அட்டையிலும், ஹோட்டல் கம்பனிகளின் கணக்கிலும் சேர்ந்து கிடக்கும் போனஸ் புள்ளிகளே அது.

சரக்கெடுக்கக் குவாங்சோ, பேங்கொக், துபாய் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வருபவர்களுக்கு இந்தப் புள்ளிகள் தாமாகவே சேருகின்றன. பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்குவார்கள். "பொயின்ட்ஸ்தான் இருக்குதே, சும்மா கிடைக்கிற அறைதானே" என்று கொழும்பிலே பெரிய ஹோட்டல் ஒன்றில் பதிவு செய்து விடுவோம். சும்மா என்ற அந்தச் சொல்லில்தான் நட்டம் தொடங்குகிறது. புள்ளிகளும் பணம்தான். எங்கே செலவழித்தால் கூடுதல் பெறுமதி கிடைக்கும் என்று பார்த்துத்தான் அவற்றைக் கையிலிருந்து விட வேண்டும்.

கம்பனி நமக்குத் தர வேண்டிய கடன்

இந்த முறையைப் பெரிய அளவில் தொடக்கி வைத்தது அமெரிக்கன் எயார்லைன்ஸ். ஆண்டு 1981. இரண்டு வருடங்களில், 1983 இல், ஹொலிடே இன்னும் மெரியட்டும் ஹோட்டல்களுக்கு இதைக் கொண்டு வந்தன. ஹில்டன் 1987 இல் தொடங்கியது. கொழும்பு ஹில்டன் திறக்கப்பட்டதும் அதே வருடத்தில்தான்.

இந்தக் கம்பனிகளின் ஐந்தொகையைப் பார்த்தால், வாடிக்கையாளர்கள் இன்னும் பயன்படுத்தாத புள்ளிகளைப் பொறுப்பு என்ற பக்கத்தில் போட்டிருப்பார்கள். நமது பாஷையில் சொன்னால் அது கம்பனி நமக்குத் தர வேண்டிய கடன். ஆனால் இதிலே ஒரு வில்லங்கம் உண்டு. கடனின் பெறுமதியைத் தீர்மானிப்பவர் கடன்காரரே. முன்னர் எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என்று நிலையான அட்டவணை இருந்தது. அதை ஹில்டன் 2017 இலும், மெரியட் 2022 இலும் எடுத்து விட்டன. இப்போது அறையின் விலை ஏறினால் புள்ளியும் ஏறும். எனவே புள்ளிகளைப் பல வருடம் பெட்டியில் பூட்டி வைப்பது புத்தியல்ல.

காலாவதியும் உண்டு. ஹில்டன், மெரியட் கணக்குகளில் 24 மாதம் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் புள்ளிகள் போய்விடும். அக்கோர் கம்பனியில் அந்தக் காலம் 365 நாட்கள்தான். ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஃப்ளைஸ்மைல்ஸ் மைல்களுக்கு மூன்று வருடம்.

ஒரு புள்ளி எத்தனை சதம்?

கணக்கு இலகுவானது. அதே அறைக்கு அதே இரவில் வரி எல்லாம் சேர்த்து ரொக்கமாக எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். அதைக் கேட்கப்படும் புள்ளிகளால் வகுங்கள். வருவதுதான் ஒரு புள்ளியின் பெறுமதி. அக்கோரில் இந்த வேலையும் இல்லை. 2000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு என்று நிலையான விலை வைத்திருக்கிறார்கள்.

வரியைச் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். இலங்கையில் அறை 30,000 ரூபா என்று போட்டு பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம். அதன்மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி. இவற்றோடு 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரியும் ஏனையவையும் சேர்ந்தால் பில் 40,000 ரூபாவைத் தொட்டு நிற்கும். புள்ளிகளால் எடுக்கும் அறைக்குப் பெரிய கம்பனிகள் பெரும்பாலும் இந்த அறை வரிகளை அறவிடுவதில்லை. ஆகவே 30,000 உடன் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும், 40,000 உடன்தான் ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 2017 செப்டெம்பர் முதல் வெளிநாட்டவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். துபாயில் 2014 முதல் டூரிஸம் திர்ஹம் என்ற கட்டணம் உண்டு. ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹம் வரை வரும். புள்ளியில் தங்கினாலும் இவற்றைக் கையால் கட்ட நேரலாம்.

கொழும்பில் செலவழிப்பதா, வெளியில் செலவழிப்பதா?

எமது வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இலங்கை ஹோட்டல்களில் இரண்டு விலை உண்டு. வெளிநாட்டவருக்கு டொலர் விலை. தேசிய அடையாள அட்டை காட்டும் உள்ளூர்வாசிகளுக்கு அதைவிடக் குறைந்த ரூபா விலை. போதாததற்கு, வங்கிகள் தமது கடனட்டைகளுக்கு அவ்வப்போது ஹோட்டல் கழிவுகளை அறிவிக்கின்றன. ஆனால் புள்ளிகள் கேட்கும்போது ஹோட்டல் நமது அடையாள அட்டையைப் பார்ப்பதில்லை. லண்டன்காரருக்கும் நிந்தவூர்க்காரருக்கும் ஒரே புள்ளிதான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. டொலர் ஒன்றை 300 ரூபா என்று எடுப்போம். கொழும்பில் ஓர் அறை வரியெல்லாம் சேர்த்து 160 டொலர், அதாவது 48,000 ரூபா. அதையே புள்ளியில் எடுத்தால் 40,000 புள்ளி. புள்ளி ஒன்றுக்கு 120 சதம் கிடைக்கிறது, நல்ல வியாபாரம் என்று தோன்றும். ஆனால் உள்ளூர்வாசி விலை 36,000 ரூபா என்றால் நமக்குக் கிடைப்பது 90 சதம்தான். அதிலும் வங்கி அட்டைக்கு 25 வீதக் கழிவு இருந்தால் அறை 27,000 ரூபா. புள்ளியின் பெறுமதி 68 சதத்துக்குள் இறங்கி விடுகிறது.

இதே 40,000 புள்ளிக்கு வெளிநாட்டு நகரமொன்றில் 280 டொலர் அறை கிடைக்கிறது என்று வையுங்கள். அங்கே நமக்கு உள்ளூர்வாசி விலை கிடையாது. முழு 84,000 ரூபாவையும் கொடுத்தாக வேண்டும். அங்கே ஒரு புள்ளி 210 சதம் பெறுகிறது. ஒரே சரக்கு, ஒரு சந்தையில் 68 சதத்துக்கும் மறு சந்தையில் 210 சதத்துக்கும் போகிறது என்றால் வியாபாரி எங்கே விற்பார்? கொழும்பில் ரூபாவைக் கொடுங்கள். புள்ளியை டொலர் கொடுக்க வேண்டிய இடத்துக்கு வையுங்கள்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. வங்கியில் இருந்த ரூபா கரைந்தது. வெளிநாட்டு ஹோட்டல் கணக்கில் இருந்த புள்ளி ரூபாவோடு சேர்ந்து விழவில்லை.

அறை குடும்பத்துக்குப் பொருந்துமா?

சரக்கெடுக்கப் போகும்போது நமக்கு ஒரு கட்டில் போதும். குடும்பம் அப்படியல்ல. புள்ளியில் கிடைப்பது பெரும்பாலும் இருவர் தங்கும் சாதாரண அறை. பல ஹோட்டல்களில் 12 வயதானால் பிள்ளையைப் பெரியவராகக் கணக்கெடுப்பார்கள். வளர்ந்த மகனும் மகளும் உள்ள ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு அறை வேண்டும். புள்ளியும் இரட்டிப்பாகும். இரண்டு அறைகளுக்கு இடையில் கதவு உண்டா என்று ஹோட்டலுக்கே தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாடியில் பிள்ளைகளும் வேறொரு மாடியில் பெற்றோருமாக இருக்க நேரிடும். சமையலறையோடு கூடிய இரண்டு அறை அபார்ட்மென்ட் ரொக்கத்துக்குக் கிடைக்குமானால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காலைச் சாப்பாடு அடுத்த கேள்வி. புள்ளியில் எடுத்த அறைக்குச் சாப்பாடு பெரும்பாலும் சேராது. ஐந்து பேர் மூன்று நாள் ஹோட்டலுக்குள்ளேயே சாப்பிட்டால் மிச்சப்படுத்திய பணம் அந்தப் பில்லிலேயே போய்விடும். அந்தப் பில் எமது பிரதான வீதி ஹோட்டலில் கொத்து ரொட்டிக்குக் கொடுக்கும் காசல்ல.

ஹலால் விடயத்தில் "இங்கே எல்லாம் ஹலால்" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஒரே ஹோட்டலில் ஐந்தாறு சமையலறைகள் இருக்கலாம். சான்றிதழ் எந்தச் சமையலறைக்கு, எந்தத் திகதி வரை செல்லும் என்று கேளுங்கள். கிப்லாத் திசை, முஸல்லா, நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் என்பவற்றையும் முன்கூட்டியே பாருங்கள். கொழும்பில் புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளியும் கொள்ளுப்பிட்டி ஜும்ஆப் பள்ளியும் எல்லோரும் அறிந்தவை. ஹோட்டல் கட்டிடத்துக்குள் வேறென்ன இருக்கிறது என்பதும் குடும்பத்துக்கு முக்கியம். கொழும்பின் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் வளாகத்தில் 2025 ஓகஸ்டில் கசினோ திறக்கப்பட்டது. ஹோட்டலும் அதே வளாகத்தில்தான்.

மக்காவில் பார்க்க வேண்டியவை

முதிய வாப்பா, உம்மாவோடு உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு ஹரமின் அருகில் தங்குவது பெரிய நிஃமத். முழங்கால் வலியுள்ளவர்களுக்குத் தூரம் குறைவது எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹரமை ஒட்டிய அப்ராஜ் அல்பைத் கோபுரங்களில் ஃபெயார்மொன்ட், ரஃபிள்ஸ், புல்மன், சுவிஸ்ஸோட்டல், மூவென்பிக் ஆகியவை உள்ளன. ஐந்தும் அக்கோர் கம்பனியின் பெயர்களே. ஜபல் உமர் பகுதியில் ஹில்டன், ஹயாத், மெரியட் ஆகியவை இருக்கின்றன. டொலரில் விலை ஏறி நிற்கும் இடமாகையால் புள்ளிக்கு நல்ல பெறுமதி கிடைக்க வாய்ப்புண்டு.

ஆனால் அவசரப்பட வேண்டாம். 2025 ஜூன் முதல் உம்ரா விசாவுக்குத் தங்குமிட ஒப்பந்தம் சவூதியின் நுஸுக் மஸார் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் புள்ளியில் எடுக்கும் அறை அதற்குச் செல்லுமா என்று முகவரிடம் முதலில் கேட்டு, அதன் பிறகே புள்ளியைக் கழியுங்கள். ரமழானின் கடைசிப் பத்தில் புள்ளிக்கு அறை கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். மூன்று, நான்கு கட்டில் போட்ட அறைகள் மக்காவில் சாதாரணம். ஆனால் புள்ளிக்கு அவை கிடைப்பது கடினம்.

கூட்டாளியின் உரிமை

கடைசியாக, பணத்தைவிடப் பெரிய விடயம். காக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடை. சரக்குக்கான பணம் காக்காவின் அட்டையில் போகிறது. பில்லைக் கட்டுவது கடைப் பணம். புள்ளிகள் சேர்வதோ காக்காவின் பெயரில். வருட முடிவில் காக்காவின் குடும்பம் கோலாலம்பூரில் நான்கு நாள் தங்கி வருகிறது. தம்பி வாய் திறப்பதில்லை, ஆனால் மனதில் ஒரு முள் தைத்து விடுகிறது. புள்ளி பணம் என்று ஒத்துக் கொண்டால், கூட்டு முதலில் சேர்ந்த புள்ளியில் கூட்டாளிக்கும் பேச்சு உண்டு என்பதையும் ஒத்துக் கொள்ள வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம். குர்ஆனில் மிக நீளமான வசனமும் அதுவே. பயணத்தில் சேரும் புள்ளி யாருக்கு, அட்டையில் சேரும் புள்ளி யாருக்கு என்று இரண்டு வரி எழுதி வைத்தால் பிற்காலத்தில் மனஸ்தாபம் இராது. சந்தேகமுள்ளவர்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளலாம்.

கடனட்டையும் அப்படித்தான். 2022 இல் இலங்கையில் கடனட்டை வட்டி 36 வீதம் வரை ஏறியது. நூறு ரூபாவுக்கு ஒரு ரூபாப் பெறுமதியான புள்ளி தருகிறார்கள் என்று ஆசைப்பட்டு, தவணை தப்பி வட்டியில் விழுந்தால் துன்யாவிலும் நட்டம், மறுமையிலும் நட்டம். முழுத் தொகையையும் தவணைக்கு முன் கட்ட முடியாதவர் புள்ளியை மறந்து விடுவதே மேல்.

இன்றிரவு கடை பூட்டிய பின் செய்யக் கூடிய வேலை இது. ஒரு கொப்பியை எடுங்கள். எந்தக் கம்பனியில் எத்தனை புள்ளி, எப்போது காலாவதி, யார் முதலில் சேர்ந்தது என்று மூன்று நிரல் போட்டு எழுதுங்கள். இனிமேல் ஹோட்டல் பதிவை இடைத்தரகு இணையத்தளங்களில் செய்தால் பெரும்பாலான கம்பனிகளில் புள்ளி சேராது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துக் கொள்ளுங்கள். எண்ணிய சரக்குத்தான் நல்ல விலைக்குப் போகும். அல்லாஹ் நமது வியாபாரத்திலும் பயணத்திலும் பரக்கத் செய்வானாக.