கண் உலர்வதற்குக் காரணம் யாது?

கண்ணில் இடைவிடாது நீர் வழிகின்றதென்று முறையிட்டுக்கொண்டு வைத்தியரிடம் செல்லும் ஒருவரை நோக்கி, "உமக்குற்ற நோய் கண் உலர்தல்" என்று அவர் கூறுவாராயின், கேட்பவருக்குச் சிரிப்பு வருமேயன்றி நம்பிக்கை வராது. துடைத்துத் துடைத்து நனைந்துபோன கைக்குட்டை கையிலிருக்க, உலர்ச்சி என்ற பேச்சு எங்ஙனம் பொருந்தும்? ஆயினும் வைத்தியர் கூற்று பல சமயங்களில் உண்மையே. இவ்விரண்டும் முரணல்ல என்பதை உணர்ந்துவிட்டால் இவ்வியாதியின் மர்மத்திற் பாதி விளங்கிவிடும். நமது நேயர்களிற் பெரும்பாலோர் இரவும் பகலும் எழுத்திற் கண்வைத்து உழைப்பவர்களாதலின், இதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

கண்ணீர் அழுகைக்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் தவறு. இமை திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் கருவிழியின்மீது ஒரு மெல்லிய நீர்ப்படலம் பரவி நிற்கின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட இராது. கருவிழிக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே விழித்திருக்கும்போது அதற்கு வேண்டிய பிராணவாயு காற்றிலிருந்து இப்படலத்தின் வழியாகவே செல்ல வேண்டும். நாம் காணும் ஒளி முதன்முதலில் நுழையும் வாயிலும் இதுவே. படலம் கலைந்தால் பார்வையும் கலங்கும்.

இப்படலம் வெறுந் தண்ணீர் அன்று. கருவிழியை ஒட்டி வழவழப்பான சளிப்பொருள் உண்டு. அதனோடு உப்பு கலந்த நீர் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. பழைய நூல்கள் இவற்றை மூன்று தனி அடுக்குகளாகச் சித்திரித்தன. இப்பொழுது விஞ்ஞானிகள், நீரும் சளிப்பொருளும் கலந்த ஒரே கூழின்மேல் எண்ணெய் மிதக்கின்றதென்று கொள்கின்றனர். எப்படிச் சொன்னாலும், நீரைக் கண்ணோடு ஒட்டவைப்பது சளிப்பொருள், ஆவியாகாமற் காப்பது எண்ணெய் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நீர் குறையாதிருக்கும்போதே கண் உலர்வது இவ்விரண்டில் ஒன்று பழுதுபடுவதனால்தான்.

எண்ணெயை முதலிற் கவனிப்போம். இமைகளின் ஓரத்தில், மேலிமையில் முப்பதுக்குக் குறையாமலும், கீழிமையில் அதனினும் சற்றுக் குறைவாகவும், நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. 1666-ல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் வைத்தியர் இவற்றை விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத்தசை இவற்றைப் பிழிகின்றது. பிழிந்த எண்ணெய் கண்மீது பரவுகின்றது. சும்மா இருக்கையில் மனிதன் நிமிஷத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கின்றான். ஒரு புஸ்தகத்தையோ, கம்ப்யூட்டர் திரையையோ, கைப்பேசியையோ ஊன்றிப் பார்க்கத் தொடங்கியவுடன் அது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகின்றது. இமைப்பதிலும் பல அரைகுறையாகவே முடிகின்றன. மேலிமை கீழிமையைத் தொடுவதே இல்லை. சுரப்பிகள் பிழியப்படாமற்போக, எண்ணெய் தடித்து வாயில் அடைபடுகின்றது. மேலே மின்விசிறியும் குளிர்சாதனமும் அறைக்காற்றை உலர்த்திக்கொண்டிருக்கும். இன்று உலகத்தில் கண் உலர்ந்தவர்களிற் பெரும்பான்மையோர் இவ்வகையைச் சேர்ந்தவர்களே. ஆபீஸ் முழுவதும் திரைகளை நிறுவி, பத்து மணி நேரம் தலை நிமிரவிடாது வேலை வாங்கும் எஜமானர்கள் ஜன்னல் எங்கே, நாற்காலி எங்கே என்று பார்ப்பதுபோல இதையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நீரே குறைவது இரண்டாவது வகை. இதை அளக்க 1903-ல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியர் ஓர் எளிய உபாயம் கண்டார்: மையொற்றுத் தாளின் சிறு துண்டைக் கீழிமையில் மாட்டி, ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகின்றதென்று பார்ப்பது. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவானால் நீர் போதாதென்று பொருள். இன்றும் அதே தாள்தான் பயன்படுகின்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1933-ல், ஸ்வீடன் தேசத்து ஹென்ரிக் ஷோக்ரன் கண் உலர்ந்த 19 பெண்களை ஆராய்ந்து தமது ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. வியாதி கண்ணோடு நிற்பதன்று, சரீரத்தின் காவற்படையே தன் சொந்தச் சுரப்பிகளைத் தாக்குகின்றதென்ற அறிவு இதிலிருந்து வளர்ந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியோருக்கும் இத்துன்பம் அதிகம். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகளும் நீரைக் குறைக்கின்றன. நீரிழிவு கருவிழி நரம்பின் உணர்ச்சியை மழுக்கிவிட, இமைப்பும் சுரப்பும் தாமே குறைகின்றன.

எவ்வழியில் தொடங்கினாலும் முடிவு ஒன்றே. நீர் ஆவியாகின்றது, உப்பு தங்குகின்றது. உப்புச் செறிந்த நீர் கருவிழியின் மேல்தோலை அரிக்கின்றது. அரிப்பினால் அழற்சி உண்டாகின்றது. அழற்சியினால் சளிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மடிகின்றன. அவை மடிய, நீர்ப்படலம் முன்னிலும் விரைவில் உடைகின்றது. கடன்பட்ட குடியானவன் வட்டி கட்ட மேலும் கடன் வாங்குவதை ஒத்த சுழல் இது. 1995-ல் வகுத்த இலக்கணம் நீர்க் குறைவையும் ஆவியாதலையும் சொல்லி நின்றது. 2007-ல் உப்புச் செறிவும் அழற்சியும் அதில் இடம் பெற்றன. 2017-ல் நரம்புக் கோளாறும் சேர்ந்தது. தொடக்கத்திற் கூறிய புதிருக்கு விடை இந்த நரம்புகளில் இருக்கின்றது. உலர்ச்சியால் துன்புறும் நரம்புகள் அபாயமென்று கூவ, பெருஞ்சுரப்பி திடீரென வெள்ளமாக நீரை விடுகின்றது. அந்நீர் தங்குவதற்குரிய எண்ணெயும் சளிப்பொருளும் போதாமையால் கன்னத்தில் வழிந்தோடுகின்றது. கண் மீண்டும் காய்கின்றது.

நிற்க. மருந்துக்கடையிற் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவோருக்கு ஒரு வார்த்தை. கண் தாங்கும் நீர் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. புட்டியிலிருந்து விழும் ஒரு துளியோ அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். பெரும்பகுதி வெளியே வழிவதற்கே விலை கொடுக்கின்றோம். மருந்து கெடாதிருக்கப் பலவற்றிற் சேர்க்கும் பென்ஸால்கோனியம் குளோரைடு என்ற இரசாயனம், நாள்தோறும் பலமுறை விட்டால், கருவிழித் தோலையே கெடுக்கும். மெய்யான குற்றவாளியை விட்டு வேறொருவனைக் கூண்டில் நிறுத்தி வழக்கு நடத்தினால் தீர்ப்பு எப்படியிருக்குமோ, காரணம் அறியாமற் செய்யும் வைத்தியமும் அப்படியே.

இனிச் சளிப்பொருள். எண்ணெயும் நீரும் நடுத்தர வயதினரையும் உத்தியோகஸ்தரையும் தொட்ட விஷயங்கள். இது ஏழைக் குழந்தைகளைத் தொட்டது. ஆகாரத்தில் ஏ விட்டமின் இல்லாவிடில், சளிப்பொருளைத் தரும் உயிரணுக்கள் மறைந்து, கண்ணின் மேற்பரப்பு உடம்பின் தோலைப்போலக் காய்த்துவிடுகின்றது. நீர் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சேம்பிலையில் விழுந்த தண்ணீரைப்போல் ஒட்டாது உருண்டோடும். முதலில் மாலைக்கண் தோன்றும். பின் வெண்விழியின் வெளிப்பக்கத்தில் சோப்பு நுரைபோன்ற வெண்புள்ளி படியும். 1863-ல் இதை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் பிட்டோவின் பெயரால் இது அறியப்படும். அதன்பின் கருவிழி உலரும். இறுதியில் குழைந்து உருகிப் பார்வை அழியும்.

இவ்வுலர்ச்சி எங்கிருந்து வருகின்றதென்பதற்கு டென்மார்க்கின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சியம் நாம் அறியோம். அந்நாடு பால்வளத்திற் பேர்பெற்றது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் வெண்ணெயிற் பெரும்பகுதி இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. நாட்டு ஏழைகளுக்கு எஞ்சியது வெண்ணெயெடுத்த பாலும், தாவர எண்ணெயினாற் செய்த மார்கரீனும். அக்காலத்து மார்கரீனில் ஏ விட்டமின் இல்லை. கோபன்ஹேகனில் சிசு வைத்தியராயிருந்த டாக்டர் கார்ல் பிளோக், கண் உலர்ந்து குருடாகும் குழந்தைகள் ஆண்டுதோறும் வருவதைக் கண்டு திகைத்தார். பசுக்கள் நிறைந்த தேசத்தில் பசுவின் கொழுப்பின்றிக் குழந்தைகள் குருடாவதா? ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவர் கவனித்தது தெளிவைத் தந்தது: முழுப்பால் உண்ட பகுதியினருக்குக் கண்நோய் இல்லை, கஞ்சியும் மார்கரீனும் உண்ட பகுதியில் பல குழந்தைகளுக்கு இருந்தது. அவர்களுக்கு மீனெண்ணெய் கொடுத்தார், விரைவிற் குணங்கண்டது. 1913-லேயே அமெரிக்காவில் மக்காலமும் டேவிஸும் வெண்ணெயில் இத்தகைய ஜீவசத்து ஒன்று உண்டென்று எலிகளைக்கொண்டு நிரூபித்திருந்தனர். எலிக்கூண்டிற் கண்டது மனிதக் குழந்தைகளிடம் ருஜுவாயிற்று.

பின் நிகழ்ந்ததே விசித்திரம். முதல் மகாயுத்தத்தில், 1917-ல், ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் கடல்வழி அடைபட்டது. வெண்ணெய் ஏற்றுமதி தடைப்பட, டென்மார்க் சர்க்கார் அவ்வாண்டு இறுதியில் அதனைக் குறைந்த விலையில் தன் ஜனங்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கலாயிற்று. 1918-ல் இக்கண்நோய் ஏறக்குறைய மறைந்தது. எந்த வைத்தியரும் புதிய மருந்து காணவில்லை. யுத்தத்தினால் உள்நாட்டிலேயே தங்கிய வெண்ணெய் ஏழையின் தட்டுக்கு வந்தது, அவ்வளவே. 1919-ல் பங்கீட்டு முறை நீங்கியது. நோயாளிக் குழந்தைகள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரலாயினர்.

நமது நாட்டிலும் இவ்வியாதியாற் பார்வையிழந்த குழந்தைகள் எண்ணிறந்தோர். 1970-ல் இந்திய சர்க்கார் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஏ விட்டமின் திரவத்தை வாயிற் புகட்டும் திட்டத்தைத் தொடங்கிற்று. கருவிழி உருகும் கடுமையான நிலை முன்போல் இப்போது காணப்படுவதில்லை. ஆயினும் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உள்ள மஞ்சட்பொருளே உடலில் ஏ விட்டமினாக மாறுவதென்பதையும், அது கொழுப்பிற் கரைவதாதலால் கீரையோடு சிறிது எண்ணெயேனும் சேர வேண்டுமென்பதையும் எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்கவில்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கு இருப்பிலுள்ள சத்தும் விரைவிற் கரைந்துபோகும். அந்தி மயங்கும் நேரத்தில் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுந்தாலோ, விழியின் வெண்மையில் நுரைப்புள்ளி தென்பட்டாலோ, மறுநாளைக்கென்று ஒத்திப்போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். கருவிழி குழையத் தொடங்கியபின் சில நாட்களுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடக்கூடும்.