சூட்டைச் சொல்லும் சிப்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கங்களில் ஏராளமான தமிழர்கள் உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல்.

பூமிக்குள் ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அந்தச் சுரங்கத்தின் அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்! குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை செய்தார்கள். 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன.

இப்படிப்பட்ட இடத்தில் சூட்டை அளப்பது உயிர் காக்கும் வேலை. பாதரசக் கருவி என்றால், ஒருவர் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இன்று அதற்குச் சிப் வந்துவிட்டது. அது நகத்தை விடச் சிறியது.

சிப் எப்படி அளக்கிறது?

சிப் சிலிக்கானால் ஆனது. சிலிக்கான் மணலிலிருந்து கிடைக்கிறது. சிப்புக்குள் சிறிதளவு மின்சாரம் ஓடும். சூடு 1 டிகிரி கூடினால், அதன் மின் அழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிவோல்ட். இந்தச் சிறு மாற்றத்தைச் சிப் எண்ணாக மாற்றும். கம்பி வழியாக அனுப்பும்.

மேலே இருப்பவர் அந்த எண்ணைப் படிப்பார். சூடு அளவை மீறினால் மணி ஒலிக்கும்படியும் செய்யலாம். உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியேறலாம்.

சிப் சொல்வது ஒரு எண்தான். அதைப் படிக்கத் தெரிந்தால் உயிர் பிழைக்கலாம்.